‘இடுப்பெலும்பு விலகிவிட்டது’ என்று சொன்னால்

கேள்வி: எனக்கு வயது 34. பள்ளி ஆசிரியை. பத்து மாதங்களுக்கு முன் இரண்டாவது குழந்தை சுகப்பிரசவமாகப் பிறந்தது. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் தொடங்கிய வலது பக்கப் பிட்டத்து வலி இன்னும் தீரவில்லை. படுக்கையில் புரளும்போதும், பேருந்துப் படியில் வலது காலை ஊன்றி ஏறும்போதும், நின்றபடியே சுடிதாருக்குள் காலை விடும்போதும் சுருக்கென்று பிடிக்கிறது. ஸ்கேனில் கீழ் முதுகில் ஒரு டிஸ்க் இலேசாகப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அதற்கும் இந்த வலிக்கும் தொடர்பில்லை என்று சொல்லி எலும்பு மருத்துவர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே, வலது இடுப்பெலும்பு முன்பக்கமாகச் சுழன்று விலகிவிட்டது, அதனால் வலது கால் 1 செ.மீ. நீளமாகிவிட்டது என்று சொல்லி, ‘மஸில் எனர்ஜி டெக்னிக்’ என்ற முறையில் 8 சிட்டிங் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது. பிறகு பழையபடி வலி வந்துவிடுகிறது. ‘எலும்பு வைத்த இடத்தில் நிற்கவில்லை, இன்னும் 12 சிட்டிங் வேண்டும்’ என்கிறார்கள். கட்டுப் போடும் வைத்தியரிடம் போகலாம் என்கிறார் அம்மா. உண்மையில் எலும்பு விலகியிருக்கிறதா? இந்தச் சிகிச்சையைத் தொடரலாமா? குழந்தையைத் தூக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரில் பார்க்காமல் எழுதப்படும் எந்த ஆலோசனைக்கும் உள்ள எல்லை இதற்கும் உண்டு. அந்த எல்லைக்குள் நின்று முதல் கேள்விக்கு நேராகவே விடை சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் இடுப்பெலும்பு விலகியிருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. உங்கள் வலி உண்மையானது. அது இடுப்பின் பின்புற மூட்டிலிருந்து வருகிறது என்று பிசியோதெரபிஸ்ட் கணித்ததும் பெரும்பாலும் சரி. அவர் தேர்ந்தெடுத்த முறையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த முறை உங்கள் உடம்பில் என்ன செய்கிறது என்று சொல்லப்பட்ட விளக்கம்தான் பிசகியிருக்கிறது. விளக்கம் எப்படியிருந்தால் என்ன, வலி குறைந்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். 8 சிட்டிங் முடிந்தும் நீங்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்பதற்கும், இனி 12 என்று கணக்கு நீள்வதற்கும் அந்த விளக்கமே காரணம் என்று நான் கருதுவதால் அதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதுகெலும்பு கீழே முடியும் இடத்தில், தலைகீழாக நிறுத்திய முக்கோணம் போலத் திரிக எலும்பு இருக்கிறது. அதன் இரு பக்கமும் இடுப்பெலும்புகள் வந்து பொருந்தும் மூட்டைத்தான் நாங்கள் எஸ்.ஐ. ஜாயின்ட் என்கிறோம். மரத்தின் பிளவில் இறக்கிய ஆப்பு போன்ற அமைப்பு அது. மேலிருந்து உடம்பின் எடை அழுத்த அழுத்த இன்னும் இறுகும். காது மடலின் வடிவில் இருக்கும் அந்த மூட்டுப் பரப்புகள் மற்ற மூட்டுகளைப் போல வழவழப்பாக இல்லாமல், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்தும்படி சொரசொரப்பாக இருக்கும். அவற்றுக்குப் பின்னால் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் லிகமென்ட் நார்கள் உடம்பிலுள்ள மிக வலுவான நார்களில் சேர்ந்தவை. தோள்பட்டை நழுவுவது போல இந்த மூட்டு நழுவுவதற்கு அமைப்பிலேயே இடமில்லை.

அசைவே இல்லையா என்றால், உண்டு. ஆனால் மிகக் கொஞ்சம். 1989-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டூரெசனும் அவருடைய குழுவினரும், நோயாளிகளின் இடுப்பெலும்புகளில் மிக நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, அவர்கள் நிற்கும்போதும் படுக்கும்போதும் அந்த மணிகள் எவ்வளவு நகர்கின்றன என்று எக்ஸ்ரே மூலம் அளந்து வெளியிட்டார்கள். சராசரிச் சுழற்சி 2.5 டிகிரி, சராசரி நகர்வு 0.7 மி.மீ. கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிடத்தில் 6 டிகிரி நகர்கிறது. அதில் பாதியளவுகூட இந்த மூட்டு திரும்புவதில்லை. இதைவிட முக்கியமானது, வலியுள்ள பக்கத்து அசைவுக்கும் வலியில்லாத பக்கத்து அசைவுக்கும் அவர்கள் வேறுபாடு எதையும் காணவில்லை என்பது. தோலும் கொழுப்பும் தசையும் மூடிய இடத்தில், அரைக்கால் விரல் அகலம்கூட இல்லாத இந்த நகர்வை ஒருவர் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்தார் என்றால், அந்தக் கட்டைவிரலை நான் நம்பத் தயங்குவேன்.

எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்ற நம்பிக்கையையும் இதே அளவீட்டு முறையால் சோதித்திருக்கிறார்கள். 1998-ல் டல்பெர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், எஸ்.ஐ. மூட்டு பிசகியிருப்பதாகக் கணிக்கப்பட்ட 10 பேருக்குக் கைச்சிகிச்சை செய்து, செய்வதற்கு முன்னும் பின்னும் எலும்பின் நிலையை அளந்தார்கள். கையால் தொட்டுப் பார்த்தவர்கள் சிகிச்சைக்குப் பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று குறித்தார்கள்; எக்ஸ்ரே அளவீட்டிலோ எலும்பின் நிலையில் மாற்றமே இல்லை. பத்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் இந்தக் கேள்விக்கு இத்தனை துல்லியமாக விடை தேடிய ஆய்வுகள் வெகு சில. என் தொழிலில் இருப்பவர்கள் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அப்படியானால் கால் 1 செ.மீ. நீளமாகத் தெரிந்தது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கணுக்கால்களின் உட்புறத்து முண்டுகளில் கட்டைவிரல்களை வைத்து, எது தாழ்ந்திருக்கிறது என்று பார்த்திருப்பார். படுக்கையில் நீங்கள் ஏறிப் படுத்தபோது இடுப்பு ஒரு பக்கமாக இலேசாக ஒதுங்கியிருந்தாலும், ஒரு பக்கத்து இடுப்புத் தசை வலியால் இறுகியிருந்தாலும், பார்ப்பவர் சற்றுச் சாய்ந்து நின்றாலும் அந்த 1 செ.மீ. வந்துவிடும். உண்மையிலேயே கால் எலும்புகளின் நீளம் சமமாக இருப்பவர்கள்தான் சிறுபான்மையினர்; பத்தில் ஒன்பது பேருக்குச் சிறு வித்தியாசம் உண்டு, சராசரி 5 மி.மீ. என்று 2005-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டிருக்கிறது. ஏறக்குறைய 20 மி.மீ. வரை அது பெரும்பாலானோருக்குத் தொல்லை தருவதில்லை என்பதும் அதன் முடிவு. இடுப்பெலும்பே இரு பக்கமும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருப்பதில்லை. பதப்படுத்திய 30 உடல்களின் இடுப்பெலும்புகளை அளந்த 2008-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையிலான சாய்வு ஒரே உடலின் இரு பக்கங்களுக்கு இடையே 11 டிகிரி வரை மாறுபட்டிருந்தது. அது அந்த எலும்பு வளர்ந்த விதம். அதைத் தொட்டுப் பார்ப்பவர் ‘முன்பக்கம் சுழன்றிருக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்.

இதையெல்லாம் வெளியிலிருந்து குறை சொல்பவனாக நான் எழுதவில்லை. என் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் ‘விலகிவிட்டது, சரிசெய்கிறேன்’ என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு பயிற்சி வகுப்பில் ஒரே ஆளை நாங்கள் ஆறு பேர் தனித்தனியே தொட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தோம். மூன்று சீட்டில் வலது, இரண்டில் இடது, ஒன்றில் ‘இயல்பு’ என்று இருந்தது. படுத்திருந்தவருக்கு இடுப்பில் வலியே இருந்ததில்லை என்பதைப் பயிற்றுநர் கடைசியில்தான் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் நோயாளியிடம் பயன்படுத்துவதில்லை.

திரிக எலும்பும் இரு இடுப்பெலும்புகளும் சேர்ந்த இடுப்பு வளையம் உண்மையாகவே பிரிவதும் உண்டு. அது எப்படியிருக்கும் என்று தெரிந்தால் உங்கள் அச்சம் தணியும். பெரிய சாலை விபத்துகளில் அது நடக்கும். பிரசவத்தில் மிக அரிதாக, முன்புறத்தில் பூப்பெலும்புகள் இணையும் இடம் அளவுக்கு மேல் விரிந்துவிடும். அந்த இடைவெளி சாதாரணமாக 4 முதல் 5 மி.மீ. வரை இருக்கும், கர்ப்ப காலத்தில் 2 அல்லது 3 மி.மீ. கூடும், 10 மி.மீ.க்கு மேல் போனால்தான் பிரிந்துவிட்டது என்கிறோம். அது சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும். அந்தத் தாய் அடியெடுத்து வைக்கவே திணறுவார். நீங்கள் பேருந்தில் ஏறிப் பள்ளிக்குப் போய் வருகிறீர்கள்.

இனி அந்தச் சிகிச்சை முறைக்கு வருகிறேன். மஸில் எனர்ஜி டெக்னிக் என்பது அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவரான ஃப்ரெட் மிட்செல் 1940-களின் பிற்பகுதியிலிருந்து உருவாக்கிய முறை. அதுவரை மருத்துவர் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்த கைவைத்தியத்தில், நோயாளியின் தசையையே வேலை செய்ய வைத்தது அவருடைய புதுமை. பெயரிலுள்ள ‘எனர்ஜி’ உங்களுடையது, சிகிச்சை செய்பவருடையது அன்று. உங்களுக்குச் செய்தது ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்: மல்லாக்கப் படுத்த உங்கள் வலது முழங்காலை மடக்கி, மார்பை நோக்கிக் கொண்டுபோய், முதல் இறுக்கம் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, தன் தோளோடு அணைத்துக்கொண்டிருப்பார். ‘காலைக் கால்மாட்டுப் பக்கம் தள்ளுங்கள், முழுப் பலமும் வேண்டாம், கால் பங்கு போதும்’ என்று சொல்லியிருப்பார். நீங்கள் தள்ள, அவர் விடாமல் பிடிக்க, கால் அசையாமலே தசை மட்டும் ஐந்தாறு விநாடி இறுகியிருக்கும். பிறகு தளரச் சொல்லி, நீங்கள் மூச்சை வெளியே விடும்போது முழங்காலை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி தொடங்கி, மூன்று முதல் ஐந்து முறை இதையே செய்திருப்பார்.

பிட்டத் தசையும் தொடையின் பின்புறத் தசையும் இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் பற்றியிருப்பதால், அவை இறுகும்போது முன்னால் சுழன்ற எலும்பைப் பின்னுக்கு இழுத்துவிடும் என்பது மிட்செலின் கணக்கு. கேட்பதற்கு அழகாகவே இருக்கிறது. கயிறு கட்டிக் கப்பியில் இழுப்பது போல. ஆனால் உண்மையில் நடப்பது வேறாக இருக்க வேண்டும் என்றுதான் இன்று பெரும்பாலானோர் கருதுகிறோம். வலிக்கு அஞ்சிக் காவல் காத்துக்கொண்டிருக்கும் தசை, மெல்ல இறுகித் தளரும் அந்த வேலையில் தன் பிடியை விடுகிறது. நீட்டும்போது பொறுத்துக்கொள்ளும் அளவு கூடுகிறது. ‘இந்தப் பக்கத்தை அசைத்தால் ஆபத்து’ என்று சொல்லிக்கொண்டிருந்த நரம்பு மண்டலம் சிறிது நேரம் அடங்குகிறது. சில நேரங்களில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது மூட்டு நீரில் வாயுக்குமிழ் தோன்றும் சத்தம், எலும்பு உட்காரும் சத்தம் அன்று.

இப்போது உங்கள் இரண்டு நாள் நிவாரணத்தை நினைத்துப் பாருங்கள். எலும்பு நிற்கவில்லை என்று அவர்கள் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அடங்கியிருந்த தசைக் காவல், குழந்தையை ஒரு பக்க இடுப்பில் சுமந்து, பள்ளியில் ஐந்து பீரியட் நின்று, இரவில் நான்கு முறை எழுந்தபின் மறுபடி விழித்துக்கொண்டது என்று நான் பொருள் சொல்வேன். முதல் பொருளை ஏற்றால் மறுபடி மறுபடி எலும்பைச் சரிசெய்துகொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவதை ஏற்றால், நிவாரணம் கிடைக்கும் அந்த இரண்டு நாள்களில் அந்த இடுப்பைச் சுமை தாங்கப் பழக்குவதுதான் வேலை என்பது புலப்படும். உங்கள் கடிதத்தில் 8 சிட்டிங் பற்றியும் இருக்கிறது. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சி பற்றி ஒரு வரிகூட இல்லை. சொல்லாமல் விட்டீர்களா, சொல்லித்தரப்படவே இல்லையா என்று தெரியவில்லை. இரண்டாவதாக இருக்குமோ என்பது என் சந்தேகம்.

இந்த முறையைப் பற்றிய ஆய்வுகள் பெருமைப்படும் நிலையில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீழ் முதுகு வலிக்கு மஸில் எனர்ஜி டெக்னிக் எவ்வளவு பயன்படுகிறது என்று 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது கிடைத்தவை 12 ஆய்வுகள். எல்லாவற்றிலும் சேர்த்து 500 பேர்தான். ஆய்வுகளின் தரம் குறைவு, பயன் உண்டு என்று நம்பிக்கையாகச் சொல்ல இவை போதாது என்பது அவர்கள் முடிவு. என் அனுபவத்தில் இது வலிக்காத, ஆபத்து மிகக் குறைந்த, அன்றைய அசைவை எளிதாக்கும் ஒரு முறை. நானே வாரந்தோறும் செய்கிறேன். கதவைத் திறக்க அது பயன்படும். திறந்த கதவு வழியாக உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று கதவை மட்டும் திறந்து திறந்து மூடினால் பயனில்லை.

உங்கள் வலியின் மூலத்தைப் பார்ப்போம். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த இடுப்பு வளைய வலி வருகிறது என்று 2008-ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதல் கூறுகிறது. பெரும்பாலானோருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானே தீர்ந்துவிடும். சிலருக்கு உங்களைப் போல இழுத்துக்கொண்டே போகும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் வட்டைகள், அதாவது விளிம்பாக அமையும் வளைந்த மரத்துண்டுகள், ஒன்றோடொன்று எவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தாலும், சுற்றிலும் இரும்புப் பட்டா இறுகப் பிடித்தால்தான் சக்கரம் சுமை தாங்கும். இடுப்பு வளையத்துக்கும் அப்படி இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று, எலும்புகளின் பொருத்தத்தால் வருவது. மற்றொன்று, வயிற்றுத் தசை, பிட்டத் தசை, முதுகுத் தசை, இடுப்படித் தசை ஆகியவை சேர்ந்து சுற்றிலும் இறுக்குவதால் வருவது. கர்ப்ப காலத்து ஹார்மோன்கள் லிகமென்ட் நார்களைச் சற்று நெகிழ்த்துகின்றன. வயிற்றுத் தசைகள் மாதக்கணக்கில் நீண்டு கிடக்கின்றன. அவை மீண்டும் பலம் பெறுவதற்குள் பிள்ளையைத் தூக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. உங்களுக்குத் தளர்ந்திருப்பது பட்டா, வட்டை விலகவில்லை.

இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்காமல் வலது காலைப் பாயிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்குங்கள். எவ்வளவு கனமாக இருக்கிறது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இடது காலையும் அப்படியே தூக்கிப் பாருங்கள். பிறகு உங்கள் அம்மாவை, இரண்டு உள்ளங்கைகளாலும் இடுப்பின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மறுபடி வலது காலைத் தூக்குங்கள். அம்மாவின் கைகள் அழுத்தும்போது அதே கால் இலேசாகிவிட்டால், வெளியிலிருந்து தரும் அந்த இறுக்கத்தைத் தசைகள் உள்ளிருந்து தர வேண்டும் என்று பொருள். எந்தத் தசைக்கு என்ன பயிற்சி என்பதைத் தீர்மானிக்க எனக்கு இந்தச் சோதனை உதவுகிற அளவுக்குக் கட்டைவிரல் சோதனை உதவியதில்லை.

மூட்டுதான் வலிக்கிறதா என்று உறுதி செய்யவும், எலும்பின் இடத்தைத் தேடாத சோதனைகள் இருக்கின்றன. இடுப்பைப் பக்கவாட்டில் அழுத்துவது, இரு முனைகளையும் விரிப்பது, மடக்கிய தொடை வழியாகக் கீழ்நோக்கித் தள்ளுவது, குப்புறப் படுக்க வைத்துத் திரிக எலும்பை அழுத்துவது என்று வெவ்வேறு விதமாக மூட்டுக்குச் சுமை கொடுத்து, ‘உங்கள் வலி இதுதானா’ என்று கேட்பார்கள். மூன்று அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ என்று வந்தால், மூட்டிலிருந்துதான் வலி வருகிறது என்று ஓரளவு நம்பலாம். உங்களுக்கு இவற்றைச் செய்தார்களா என்று கேளுங்கள். ஸ்கேனில் உள்ள டிஸ்க் பிதுக்கத்தை உங்கள் மருத்துவர் ஒதுக்கியது சரிதான். முதுகு வலியே இல்லாத 30 வயதுக்காரர்களிலும் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேருக்கு ஸ்கேனில் அந்தப் பிதுக்கம் தெரியும்.

பயிற்சியை எளிமையாகத் தொடங்குங்கள். படுத்து, இரு முழங்கால்களையும் மடக்கி, நடுவில் ஒரு தலையணையை வைத்து, கால் பங்கு பலத்தில் ஆறு விநாடி அழுத்தித் தளர்த்துவது ஐந்து முறை. பிறகு தொடைகளைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டி, முழங்கால்களை வெளிநோக்கி அதே பலத்தில் தள்ளுவது ஐந்து முறை. இதுவும் மஸில் எனர்ஜி டெக்னிக்கின் தத்துவமே, இதற்குக் கட்டணமில்லை. வலி சற்று அடங்கிய அந்த நிலையிலேயே எழுந்துவிடாமல், பாதங்களை ஊன்றி இடுப்பை மெதுவாக மேலே தூக்கி இறக்குவது பத்து முறை. ஒருக்களித்துப் படுத்து, குதிகால்கள் ஒட்டியபடியே மேல் முழங்காலை மட்டும் திறந்து மூடுவது பத்து முறை. கையும் முழங்காலும் ஊன்றி நின்று, வயிற்றை இலேசாக உள்ளிழுத்து, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டிச் சற்று நிறுத்துவது ஐந்தைந்து முறை. செய்யும்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையில் வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இரண்டு மூன்று வாரங்களில், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதையும், தாழ்வான ஒரு படியில் ஏறி இறங்குவதையும் சேர்க்கலாம். படியில் காலை ஊன்றும்போதுதானே உங்களுக்குப் பிடிக்கிறது. அந்த அசைவைப் பழக்காமல் அந்த வலி போகாது.

பொறுமை வேண்டும். நார்வேயில் பிரிட் ஸ்டூகே குழுவினர், பிரசவத்துக்குப் பின் இந்த வலியோடு இருந்த 81 பெண்களுக்கு 20 வாரம் சிகிச்சை அளித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், உடம்பை நிலைப்படுத்தும் பயிற்சிகளை ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி செய்யவைத்த பிரிவினருக்கே ஓராண்டுக்குப் பின்னும் வலி குறைவாக இருந்தது. எல்லா ஆய்வுகளும் அதே அளவு பலனைக் காட்டவில்லை. மேற்பார்வையின்றி ஒரு தாளைக் கொடுத்துச் செய்யச் சொன்னவற்றில் பலன் குறைவு என்பது என் வாசிப்பு. எனவே தாளில் உள்ள பயிற்சியைவிட, வாரம் ஒருமுறை அதைப் பார்த்துத் திருத்தும் கண் முக்கியம்.

பிரசவமான பெண்ணுக்கு வயிற்றைச் சுற்றித் துணி கட்டும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. நீண்ட நேரம் நிற்க வேண்டிய நாள்களில் அதே துணியை வயிற்றிலிருந்து இறக்கி, தொடை எலும்பின் பக்கவாட்டு முண்டுகளுக்குச் சற்று மேலே, இடுப்பெலும்புகளைச் சுற்றி இறுக்கிக் கட்டிப் பாருங்கள். கடையில் இதற்கென்றே பெல்ட்டும் கிடைக்கிறது. வயிற்றில் கட்டுவது மூட்டுக்கு உதவாது. உறங்கும்போது கழற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தவறாமல் கவனியுங்கள். 45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் பிட்டத்து வலி எல்லாம் பிரசவத்தால் வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறையும் வலி, பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, வலமும் இடமும் மாறி மாறி வருவது, எப்போதாவது கண் சிவந்து வலித்தது, சொரியாசிஸ், குடும்பத்தில் யாருக்காவது முதுகெலும்பு விறைக்கும் நோய் ஆகியவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் மூட்டு வாத மருத்துவரைப் பாருங்கள். ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் அழற்சி நோய் இந்த மூட்டில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. பெண்களுக்கு அது தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது, அதிலும் கைக்குழந்தை உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கீழ் முதுகுக்கு எடுத்த ஸ்கேனில் எஸ்.ஐ. மூட்டு முழுமையாக விழாது. எனவே ‘ஸ்கேன் எடுத்தாயிற்று’ என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் தணியாமல் நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவை இருந்தால் கைச்சிகிச்சையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூட்டில் காசநோயும், பாலூட்டும் காலத்தில் மிக அரிதாகத் திரிக எலும்பில் நுண்ணிய விரிசலும் வரக்கூடும். சிறுநீர் போவதில் தடை, மலம் கட்டுப்படாமை, தொடைகளுக்கு நடுவே உணர்வு மரத்துப்போவது என்றால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உங்கள் அம்மாவின் யோசனையைப் பற்றி: கட்டு என்பது முறிந்த எலும்பு அசையாமல் இருப்பதற்கு. உங்களுக்கு முறிவு இல்லை. அசையாமல் கட்டி வைத்தால், பலம் பெற வேண்டிய தசைகள் இன்னும் மெலியும். இடுப்பைத் திருகிச் ‘சொடுக்கு’ எடுப்பதற்கும் சம்மதிக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்து இதமாகப் பிடித்துவிடுவதாக இருந்தால் அம்மாவே செய்யட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

12 சிட்டிங்குக்கு ஒரே தவணையில் பணம் கட்டாதீர்கள். இப்போது பார்ப்பவரையே மாற்ற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அடுத்த முறை போகும்போது, ‘கைச்சிகிச்சையைப் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரம் எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுங்கள், ஒரு காலில் நிற்பதும் படி ஏறுவதும் எப்போது எளிதாகும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்’ என்று கேளுங்கள். நல்ல பிசியோதெரபிஸ்ட் இதைக் கேட்டு மகிழ்வார். ‘முதலில் எலும்பு உட்காரட்டும், பயிற்சி பிறகு பார்க்கலாம்’ என்று விடை வந்தால் வேறொருவரைப் பாருங்கள். நாலைந்து முறை இப்படிப் போய் வந்தபின்னும் முன்னேற்றம் தெரியாவிட்டால், சிட்டிங்கை நீட்டுவதற்குப் பதிலாகக் கணிப்பையே மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். பத்து மாதக் குழந்தை எட்டு ஒன்பது கிலோ இருக்கும். அதை எப்போதும் ஒரே பக்க இடுப்பில், இடுப்பை வெளியே தள்ளி நின்று சுமப்பதை மட்டும் தவிர்த்து, மார்போடு அணைத்தோ பக்கம் மாற்றி மாற்றியோ தூக்குங்கள். தரையிலிருந்து எடுக்கும்போது ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி எடுங்கள். தொட்டிலுக்குள் குனியும்போது ஒரு கையால் தொட்டில் கம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கையில் புரளும்போது, தோளையும் இடுப்பையும் தனித்தனியே திருப்பாமல், இரு முழங்கால்களையும் மடக்கி ஒட்டி வைத்து, முன்னே சொன்ன தலையணை அழுத்தத்தைக் கொடுத்தபடி உடம்பை ஒரே உருட்டாக உருட்டுங்கள். இரவில் சுருக்கென்று பிடிப்பது அன்றைக்கே குறையலாம். சுடிதாரை உட்கார்ந்தே போட்டுக்கொள்ளுங்கள். ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு ஒரு நாள் நின்றபடி போட்டுப் பார்த்து, வலது காலில் எத்தனை விநாடி வலியில்லாமல் நிற்க முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.